பையில் கிடந்த ஆரஞ்சு கலர்

போன குற்றாலச் சீசனுக்குச் சற்று முன்னால்தான் புகார்கள் வர ஆரம்பித்தன. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு கடை. பெட்டிக்கடை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பலசரக்குக் கடை என்று நான் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்காருவோம். வாழைத்தார், முறுக்கு, பிஸ்கட், ஒரு ஃப்ரிட்ஜ் நிறைய கலர். பாட்டிலில் அடைத்து வருகிற இனிப்புப் பானம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் கலர்தான். அதிலும் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்று போடுகிற ஆரஞ்சு கலருக்கு ஒரு பக்தர் கூட்டமே உண்டு. வெளியூர்க்காரன் எத்தனை விளம்பரம் போட்டாலும் எங்கள் ஆட்கள் கைநீட்டுவது அதற்குத்தான்.

முதலில் வந்தவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி. தினமும் நாலு மணிக்கு ஒரு ஆரஞ்சு குடித்து, ஏப்பம் விட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவார். அன்றைக்குப் பாதி பாட்டிலை என் முன்னால் வைத்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன கலரு? குடிச்ச பொறவு நாக்குல ஒட்டிக்கிட்டு போவமாட்டேங்கு. பழைய சரக்கா?"

பாட்டிலைத் திருப்பித் தேதியைக் காட்டினேன். புத்தம் புதுச் சரக்கு. அண்ணாச்சி நம்பாமல் போனார். மறுநாள் எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு போகிற புளியங்குடி டிரைவர் வந்து அதையே வேறு மாதிரிச் சொன்னார். "இனிப்பு மாதிரி இருக்கு, ஆனா இனிப்பு இல்லக்கா." அதற்குப் பிறகு தினம் ஒருவர். கசக்குதாம், மருந்து வாடை அடிக்குதாம், முன்ன மாதிரி இல்லையாம்.

சரக்கு இறக்க வருகிற லைன் வண்டிக்காரரிடம் கேட்டேன். "பாட்டில் டிசைன்தான் புதுசு, அக்கா. உள்ள அதே சரக்குதான்" என்றார். எனக்கு அது போதும். ஓசியில் குறை சொல்லக் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா என்று நினைத்துக்கொண்டேன். யார் வந்து புகார் சொன்னாலும் ஒரே பதில்தான். "கலரு மாறல. உங்க நாக்குதான் மாறிட்டு." சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டுவேன், அவரும் சிரிப்பார்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேனா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஆரஞ்சு கலர் மருந்து.

என் வீட்டுக்காரருக்குச் சுகர். மாத்திரை கேட்காமல் போய், இன்சுலின் ஊசிக்கு வந்து எட்டு வருஷம் இருக்கும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப் போனால் சுகர் மளமளவென்று இறங்கிவிடும். உடம்பெல்லாம் வேர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், என்னைக் கண்டபடி திட்டுவார். அப்போது உடனே சீனி உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் மயக்கம், அதற்கும் மேலே போனால் ஆளே இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். குளுக்கோஸ் பொடி வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடையில உக்காந்து குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சா நாளைக்கே ஊரெல்லாம் சீக்காளின்னு பேசுவான். கலரு குடிச்சா எவன் கேக்கான்?"

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து என் கைப்பையில் எப்போதும் ஒரு ஆரஞ்சு கலர் கிடக்கும். பாதி பாட்டில் உள்ளே போனால் பத்து நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரைத் திட்டினேன்?" என்று கேட்பார். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அது தவறியதில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருப்பதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். மருந்தை யாராவது ருசி பார்ப்பார்களா?

அத்தோடு விட்டேனா? சுகர் டாக்டர் வீட்டில் காத்துக்கிடக்கிறபோது பழக்கமான ஒருத்திக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். கீழப்பாவூர்க்காரி. அவள் வருவது தனக்காக இல்லை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளுக்காக. சின்ன வயதிலேயே வந்துவிட்ட சுகர், ஒரு நாளைக்கு நாலு ஊசி. அவளுடைய தெருவில் ஒரு குருவிக்குக்கூட அது தெரியாது. "பொட்டப்பிள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றாள். பள்ளிக்கூடப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்தால் கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்கும் என்று பயந்தாள். நான்தான் பெரிய மேதாவி போல, "ஆரஞ்சு கலரு ஒண்ணு வச்சு விடுங்க, எவளுக்கும் சந்தேகம் வராது" என்றேன். அதிலிருந்து மாதா மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வந்து இரண்டு பாட்டில் வாங்கிப் போவாள். அவள் பெயரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

புகார் வந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும் வந்தாள். "பாட்டில் வேற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "டிசைன்தான் புதுசு, உள்ள அதே சரக்குதான்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன்.

அது நடந்து நாலு நாளில் குற்றாலம் போனோம். எங்கள் வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரம். சாரல் அடித்தால் எங்களுக்குக் குற்றாலம் போக நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம், துண்டை எடுத்துத் தோளில் போட்டால் போதும். விடிந்ததும் போய்க் குளித்துவிட்டு, அங்கேயே தோசை தின்றுவிட்டு, வந்து கடை திறப்பது வழக்கம். சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போகிறவன் உள்ளூர்க்காரன் இல்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. அருவியில் நின்று உடம்பெல்லாம் அடி வாங்கி, கொலைப்பசியோடு வந்து உட்கார்ந்து தின்றால்தான் கணக்கு.

மெயினருவியில் தண்ணீர் கூடுதலாக விழுகிறது என்று ஆளை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று, முக்கால் மணி நேரம் போயிற்று.

"ஊசி போட்டுட்டா வந்திய?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு."

"அப்ப ரெண்டு பழமாவது தின்னுங்க."

"தின்னுட்டு அருவியில நின்னா வயித்தப் பெரட்டும். இந்தா இப்ப விட்டுருவான், சும்மா இரிட்டி" என்றார். தலையிலும் மேலிலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நேற்று வந்த டூரிஸ்டு மாதிரி பழம் தின்னச் சொல்கிறாளே என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் என்னை வைத்துக் கேலி வேறு செய்தார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பையில்தான் கலர் இருக்கிறதே என்ற தைரியம்.

ஒரு வழியாக உள்ளே விட்டார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் குளித்து, உடை மாற்றி, தலையைத் துவட்டி முடித்து, வழக்கமாகச் சந்திக்கிற இடத்தில் வந்து நின்றேன். அவரைக் காணவில்லை. அருவி இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. போகிறவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். "காலையிலேயே ஏத்திட்டு வந்து கெடக்கான் பாரு."

அந்த வார்த்தை என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. படியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தார், ஆனால் அருவியிலிருந்து வருகிற எல்லோரும்தானே நடுங்குகிறார்கள். வேர்த்திருந்ததா என்று எப்படித் தெரியும்? உடம்பு முழுக்கத் தண்ணீர். எட்டு வருஷமாக நான் பார்த்துப் பழகிய அடையாளங்களையெல்லாம் அந்த அருவி மறைத்துவிட்டது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அப்போதுதான் எனக்கு உறுதியானது, சுகர் இறங்கிவிட்டது.

நிஜத்தைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குப் பயம் இல்லை. பார்த்த காட்சிதானே. பையிலிருந்து சுகர் பார்க்கிற மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன், ஐம்பத்தி நாலு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கலரைத் திறந்து வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கையால் தள்ளினார்.

"என்னட்டி இது... டேஸ்டே சரியில்ல."

"உங்க நாக்குதான் மாறிட்டு. குடிங்க பேசாம" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. தாடையைப் பிடித்துப் பாதி பாட்டிலைக் குடிக்க வைத்துவிட்டு, போனில் மணி பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம் ஆனது. நிமிரவில்லை. பதினைந்தும் ஆனது. திட்டுவதை நிறுத்திவிட்டார். திட்டுகிறவரை ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், திட்டாமல் ஆனதுதான் எனக்கு முதல் பயம். மறுபடியும் குத்தினேன், நாற்பத்தி மூன்று. ஈரக்கையால் மிஷின் கெட்டுவிட்டது போல என்று விரலைத் துடைத்து இன்னொரு முறை குத்தினேன். நாற்பத்தி ஒன்று. மருந்து கொடுத்த பிறகு இறங்குகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீதிப் பாட்டிலையும் வாயில் ஊற்றினேன், பாதி கடைவாயில் வழிந்தது. கண் செருகியது.

"ஏம்மா, குடிகாரனுக்குக் கலர ஊத்திக்கிட்டு இருக்கிய? தூக்கிட்டுப் போங்க அங்கன" என்று யாரோ சொன்னார்கள். சுற்றிலும் கூட்டம். ஒருவர் போனில் படம் எடுத்தார். எட்டு வருஷமாக மறைத்து வைத்ததை அந்தப் படிக்கட்டில் நின்று நான் கத்தினேன். "குடிக்கல! சுகரு! சுகரு எறங்கிட்டு! யாராவது சீனி குடுங்க!"

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, டீக்குப் போடுகிற சீனி டப்பாவோடு ஓடி வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு, அவருடைய கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சீனியை ஈரவிரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். "முழுங்கும் அண்ணாச்சி, முழுங்கும்" என்று அதட்டினாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. தொண்டை அசைந்ததும் சூடு ஆறின டீயில் இன்னும் நாலு கரண்டி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கண்ணைத் திறந்து, "நீ ஏன் அழுத?" என்று கேட்டார். ஆட்டோவில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோய் மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அவர் தூங்கிய பிறகு அந்தக் காலி பாட்டிலை எடுத்தேன். எறும்புத்தலை அளவு எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். கடையில் பழைய பாட்டில் ஒன்று மூலையில் கிடந்ததை அப்புறம் எடுத்து ஒப்பிட்டும் பார்த்தேன். சீனி முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி இனிப்புக்கு என்னவோ வாயில் நுழையாத பெயரில் இரண்டு சாமான், நாக்கில் இனிக்கும், ரத்தத்தில் சுகரை ஏற்றாது. முன்பக்கம் ஓரத்தில் "புதிய சுவை" என்று மட்டும் ஒரு வரி. தாலுகா ஆபீஸ் அண்ணாச்சி சரியாகத்தான் சொன்னார். புளியங்குடி டிரைவர் இனிப்பு மாதிரி இருக்கு, ஆனா இனிப்பு இல்லை என்று புட்டுப் புட்டு வைத்தார். நான்தான் அத்தனை பேர் நாக்கையும் குறை சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அந்த எழுத்தைப் படித்தபோதே இன்னொன்றும் உறைத்தது. புகார் சொன்னவர்கள் எல்லாம் குடித்தவர்கள். குடிக்காமல் பையில் வைத்திருப்பவர்கள் எப்படிப் புகார் சொல்வார்கள்? கீழப்பாவூர்ப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் நான் எடுத்துக் கொடுத்த பாட்டில் கிடக்கிறது.

டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். சீட்டு எழுதுகிற பெண் நம்பரெல்லாம் தர முடியாது என்றாள். நான் நின்ற நிலையைப் பார்த்து அவளே போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுநாளும் போனேன், அதேதான். அதற்கும் அடுத்த நாள் பஸ் ஏறிக் கீழப்பாவூரிலேயே போய் இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் தெரிந்தது, என்ன சொல்லி விசாரிப்பது? ஊசி போடுகிற பிள்ளை வீடு எது என்று ஒரு வாய் கேட்டால் போதும், அவள் அத்தனை வருஷம் பொத்தி வைத்தது சந்தைக்கு வந்துவிடும். கேட்காமல் போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. அந்த ஊர் நரசிம்மர் கோயிலுக்கு வந்தவள் போல அங்கேயும் இங்கேயும் நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்தேன். அந்தப் பிள்ளையை ஒரே ஒரு தடவை, அதுவும் டாக்டர் வீட்டில் முகக்கவசத்தோடு பார்த்தது. எல்லாப் பிள்ளையும் அவளாகத் தெரிந்தது. சாயந்திர பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். கோழை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கம்பெனிக்கும் போன் செய்தேன். பாட்டிலில் போட்டிருந்த நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"உங்க புகார் எதுல வரும் மேடம்? சுவை, ஒழுகல், காலாவதி, விலை?"

"எதுலயும் வராதும்மா. ஆளு செத்துப் போகப் பாத்தாரு."

"அப்ப சுவைன்னு போட்டுக்கிடுதேன் மேடம்" என்றாள். பாவம், அவளிடம் இருந்தது நாலு கட்டம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒரு அட்டையை எடுத்து, அவர் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். "சுகர் இறங்கினால் இந்த ஆரஞ்சு உதவாது. எனக்கு உதவவில்லை. சீனி கேளுங்கள், தருகிறோம்." சீக்காளி என்று ஊர் பேசும் என்றவர். நான் மேசையடியில் ஒரு டப்பா நிறையச் சீனி வைத்தேன். தாலுகா ஆபீஸ் அண்ணாச்சி அட்டையைப் படித்துவிட்டு, அன்றைக்கு ஒரு மோர் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

நாட்கள் போயின. கடைக்கு யார் வந்தாலும் முதலில் சாலையைப் பார்ப்பேன். கீழப்பாவூர் பஸ் வருகிற நேரத்தில் எழுந்து நிற்பேன். சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளை வகுப்பில் சரிந்து விழுகிறாள், பக்கத்தில் இருப்பவள் அந்த ஆரஞ்சை எடுத்து ஊற்றுகிறாள், டீச்சர் பதினைந்து நிமிஷம் பார்ப்போம் என்று நிற்கிறார். இதே காட்சி கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவள் வந்தாள். தனியாக. முகம் கடுகடுவென்று இருந்தது. பைக்குள் கையை விட்டு இரண்டு பாட்டிலையும் எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று ஒரு வாய் குறைந்திருந்தது. கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"என்ன கலரு தந்திய? உள்ள அதே சரக்குன்னு சொன்னியளே. வாயில வைக்க வெளங்கல. நம்பி வாங்குனா இப்பிடித்தான் செய்வியளா?"

"பிள்ள..." என்றேன்.

"பிள்ளைக்கு என்ன? பள்ளிக்கூடம் போயிருக்கா." அவள் குரல் சட்டென்று தணிந்தது. மேசைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "ஒரு நாள் வீட்டுல வச்சு அவளுக்கு சுகரு எறங்கிட்டு. ஒரு வாய் குடிச்சிட்டு, இது அது இல்லம்மான்னு துப்பிட்டா. நான் உடனே சீனியக் கரைச்சுக் குடுத்துட்டேன்."

"பிள்ள சொன்னத அப்பிடியே நம்பிட்டியளா? அந்த நேரத்துல என்னென்னமோ பேசுமே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிக்கிறவ அவ. அவ நாக்க நம்பாம யாரு நாக்க நம்பச் சொல்லுதிய?"

நாலு பேர் பார்க்க, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். ஒரு பாட்டில் கலருக்கு இப்படியா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் பயந்துபோய், "அட, நான் சும்மா கோவத்துல சொன்னேங்க்கா" என்றாள். "இல்ல, இன்னும் ஏசுங்க" என்றேன். அப்புறம்தான் அவள் ஃப்ரிட்ஜில் இருந்த அட்டையைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஏசவில்லை. குளுக்கோஸ் பொடியை மிட்டாய் டப்பாவில் போட்டுப் பையில் வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன பிறகு வீட்டுக்காரர் மூட்டைமேல் இருந்தபடியே கேட்டார். "கேட்டியாட்டி, யாரு நாக்க நம்பணும்னு?"

கேலியாகத்தான் கேட்டார். ஊசி போட்டிருந்தார், சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. மேசையடியில் இருந்த சீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. அதை மட்டும் வைத்து நம்ப முடியவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்து அவர் வாயில் போட்டு, "டேஸ்டு எப்பிடி இருக்கு, சொல்லுங்க" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.